பதினோராம் பாடம்

என் மகன் மார்த்தேனும் மருமகள் டமாரிஸும் கம்போடியாவுக்கு மிஷனரிகளாகப் போவதாக இருந்தது. போகவில்லை. ஏன் போகவில்லை என்று சபையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். டமாரிஸ் பிள்ளையாண்டிருக்கிறாள் என்கிறாள் ஒருத்தி. மார்த்தேனுக்கு நுரையீரலில் கோளாறு என்கிறான் இன்னொருவன். நான் மூன்றாம் வகுப்பு படித்தவன், எழுதினால் வரி கோணும். இருந்தாலும் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் வாயை நான் நம்புவதில்லை.

என் மனைவி கொம்போங்குக்கு மூச்சு நின்றது அக்டோபரில். அன்றிலிருந்து உள்ளறையில் படுத்திருக்கிறாள், உடம்பு கெடாமலிருக்க மருந்து ஏற்றியிருக்கிறோம். எங்கள் தொராஜா மலையில் சாவு விருந்து நடந்து, எருமை வெட்டி, பாறைக் குகையில் கொண்டுபோய் வைக்கிறவரை யாரும் செத்தவரில்லை. உடம்பு சரியில்லாதவர், அவ்வளவுதான். கடல் தாண்டிப் பாப்புவாவில் இருக்கும் என் இரண்டு பெண்களும் வந்து சேரவேண்டும் என்று ஜூலையில் விருந்து வைக்க உறவுக்காரர்கள் கூடி முடிவு செய்திருந்தோம். அதுவரை அவளுக்குக் காலையில் காபி, மத்தியானம் சோறு. எங்கள் சபைப் போதகர் வீட்டிலேயே அவர் அப்பா இரண்டு வருஷம் இப்படிப் படுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதே போதகர்தான் பிரசங்கம் செய்தார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஜனவரியில் வீட்டுக்கு வந்ததிலிருந்து காபி கொண்டுபோகிறது டமாரிஸ். யாரும் அவளிடம் செய்யச் சொன்னதில்லை. "அத்தை, எழுந்திருங்க. இன்னைக்கு மூடுபனி வாசல்வரைக்கும் வந்துருச்சு" என்று பேசிக்கொண்டே போவாள். பெற்ற பெண்கள்கூட அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆனால் மிஷன்காரர்கள் ஏப்ரலில் விமானம் என்றார்கள். போனால் முதல் இரண்டு வருஷம் ஊர் திரும்பக் கூடாதாம், அது அவர்கள் சட்டம். மகன் இல்லாமல் தாய்க்கு விருந்தா? நான் கேட்டேன். "ஆண்டவர் கூப்பிட்டா போகணும்ப்பா" என்றான் மார்த்தேன். ஆண்டவர் இவனை எப்போது கூப்பிட்டார், எனக்குக் கேட்கவில்லையே என்றேன். பைக் மெக்கானிக் அவன். அந்த ஊர்ப் பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துக்கொண்டே வேதம் சொல்வதாகத் திட்டம்.

மக்கஸ்ஸார் நகரத்தில் ஒரு வருஷம் பயிற்சி முடித்துவிட்டு, கடைசி மூன்று மாதம் வீட்டில் இருந்தார்கள். அடுப்படியில் எதைத் தொட்டாலும் அதன்மேல் ஒரு துண்டுக் காகிதம், அதில் அந்த ஊர்ச் சொல். உப்பு ஜாடியிலும் ஒட்டியிருந்தது. காபிக்கொட்டை நிறுக்கிற தராசில் பெட்டிகளைத் தொங்கவிட்டு, கனம் கூடினால் மார்த்தேன் ஒரு சட்டையை எடுத்து வெளியே போடுவான். மறுநாள் அதையே திரும்ப உள்ளே வைப்பான். சாயங்காலம் இருவரும் பாடப் புத்தகத்தை வைத்து எங்கள் பேச்சிலேயே பேசிப் பழகுவார்கள். பதினோராம் பாடம், செத்தவர்களுக்குப் படையல் வைக்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது. மூன்று நாளாக அதை அடுப்படிச் சுவருக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் மார்த்தேன் என்னையும் கூப்பிட்டான்.

"அப்பா, நீங்க அந்த ஊர்ப் பெரியவரா இருங்க. டமாரிஸ் வந்து பேசுவா. சும்மா தலையாட்டாதீங்க, எதிர்த்துப் பேசுங்க."

"எதிர்த்துப் பேச எனக்குப் பயிற்சி வேணுமா?"

டமாரிஸ் சிரித்தாள். "மாமாவுக்கு வேஷமே போடவேணாம். இப்படியே உட்காரட்டும்."

படியிறங்கிப் போய், புதிதாக வருகிறவள்போல ஏறி வந்தாள்.

"வணக்கம் ஐயா. இந்தச் சோறு யாருக்கு வச்சிருக்கீங்க?"

"என் பொண்டாட்டிக்கு."

"அவங்க எங்க?"

"செத்துட்டா."

"செத்தவங்களுக்குப் பசிக்குமா ஐயா? உயிரோட இருக்கிற உங்களுக்காகவே ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரே..." தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். நன்றாகத்தான் சொன்னாள். முடியட்டும் என்று இருந்தேன்.

"அப்போ இன்னைக்குக் காலையில நீ என் பொண்டாட்டிக்குக் கொண்டுபோன காபியை யாரும்மா குடிச்சா?"

மார்த்தேன் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அது வேற, மாமா."

"என்ன வேற?"

"அது அத்தை."

"அங்க செத்துப்போனவளும் யாருக்காவது அத்தைதான்."

வேடிக்கைக்குக் கேட்டேன் என்று சொன்னால் பொய். மூன்று நாளாக யோசித்து வைத்திருந்த கேள்வி அது. இவர்கள் போகாமல் நிற்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் காபி எடுத்துப்போகவில்லை. கஞ்சி கிளறிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். நானே கொண்டுபோனேன். ஐந்து நாள் அப்படியே நடந்தது. ஆறாம் நாள் மத்தியானம் வெறுங்கையோடு உள்ளே போனாள். ரொம்ப நேரம் கழித்து முகம் வீங்க வெளியே வந்தாள். அதன்பிறகு இருவரும் பின்கட்டில் சண்டை போட்டது பலகைச் சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

"எல்லாரும் செய்யுறதுதானேடி. நம்ம போதகரே செய்யலியா?"

"அவர் இன்னொரு ஊருக்குப் போய் அதைத் தப்புன்னு சொல்லல."

"நாம கும்பிடலியே. பாசத்துல செய்யுறோம்."

"அவங்க பாசமில்லாம வைக்கிறாங்கன்னு யார் சொன்னா? நீ போய்ப் பார்த்தியா?"

"அப்போ நிறுத்திடு. அதோட போச்சு."

"நிறுத்திட்டேனே! நிறுத்தி அஞ்சு நாளா எனக்குச் சோறு இறங்கல."

சனிக்கிழமை மிஷனிலிருந்து போதகர் லெங்கோங் வந்தார். மனாடோக்காரர், எங்கள் மலை வழக்கம் பழகாதவர். கடைசிக் கையெழுத்து வாங்க வந்தவர். மூங்கிலில் வெந்த பன்றிக்கறியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உள்ளறைத் திரையைப் பார்த்ததும் நாற்காலியை வாசல்பக்கம் நகர்த்திக்கொண்டார். அப்போதே அந்த ஆளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

பாடம் பாடமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். பதினொன்று வந்ததும் டமாரிஸ் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இது மட்டும் என் வாயில வராது ஐயா. இந்த வீட்டுல நான் என்ன செய்யுறேன்னு உங்களுக்குத் தெரியும்."

"இங்க நடக்கிறது உங்க ஊர் வழக்கம்மா. அங்க நடக்கிறது வேற."

"அந்தக் கோடு யார் போட்டது ஐயா?"

போதகர் பேனாவை நீட்டிச் சிரித்தார். "கையெழுத்தைப் போடு. இந்த வீட்டு விஷயத்தை நான் எழுதப்போறதில்ல. அங்க போனதும் ஆண்டவரே வார்த்தை தருவார்."

மார்த்தேன் முன்பே போட்டிருந்தான். இருவரும் போட்டால்தான் செல்லுமாம். அவள் பேனாவைத் தொடவில்லை.

மார்த்தேன் என் பக்கம் திரும்பினான்.

"அப்பா, இந்த மாசக் கடைசியிலேயே விருந்தை முடிச்சுடலாம். ஒரு எருமை போதும். அக்காங்ககிட்ட நான் பேசிக்கிறேன். அம்மாவைக் கொண்டுபோய் வச்சிட்டா அப்புறம் இந்தக் கேள்வியே இல்ல."

"அப்படின்னா போடுவியாம்மா?" என்றார் போதகர்.

அவள் தரையைப் பார்த்தபடி இருந்தாள். "அத்தையை ஒழுங்கா வழியனுப்பிட்டுன்னா போடுவேன். அப்போ நான் யாரையும் ஏமாத்தின மாதிரி இருக்காது."

ஆக எல்லாம் என் வாயில் வந்து நின்றது. சொல்வதற்குக் காரணம் நிறைய இருந்தது. ஒரு எருமையோடு அனுப்பினால் உறவு காறித் துப்பும். பெண்கள் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள். அதெல்லாம் நிஜம்தான். ஆனால் என் காரணம் அது இல்லை. நாற்பத்துமூன்று வருஷம் கூட இருந்தவள். குகை வாயை மூடிய மறுநாள் காலை அவள் செத்தவள். ஏப்ரலில் இவர்களும் போய்விடுவார்கள். அப்புறம் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?

"முடியாது" என்றேன்.

"உங்க கால்ல விழுந்து கேக்குறேன்ப்பா."

"விழு. முடியாது."

அவன் விழவில்லை. போதகர் காகிதங்களை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு, ஜெபம்கூடச் செய்யாமல் கிளம்பிவிட்டார்.

ஏப்ரலில் இவர்கள் இடத்துக்கு வேறொரு தம்பதி போனார்கள். மார்த்தேன் பழைய பட்டறையைத் திறந்தான். என்னோடு பேச்சு நின்றது. கோபம் இருக்கும், ஆறட்டும் என்று விட்டேன். கொம்போங்கிடம் தினமும் சொல்வேன், உன் மகன் இங்கேதான் இருக்கிறான், எங்கும் போகவில்லை என்று.

மே மாதத்தில் ஒருநாள் பன்றிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த டமாரிஸ் கேட்டாள்.

"மாமா, நான் கையெழுத்து போட்டிருக்கணுமா?"

"எனக்கு வேண்டியது எனக்கு நடந்துச்சு. என்கிட்ட கேக்காதே."

"அவர்கிட்ட கேட்டா வாயே திறக்க மாட்டேங்குறார்."

"உன்கிட்டயுமா?"

"அன்னையிலிருந்து" என்றாள். வாளியைக் கழுவக்கூட இல்லை, அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு இது தெரியாது. ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் தெரியவில்லை. நேராகப் பட்டறைக்குப் போனேன்.

"முடியாதுன்னது நான். அவளை ஏன்டா வாட்டுறே?"

அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. ஸ்பானரைத் திருகிக்கொண்டே சொன்னான்.

"ஜூலை வரைக்கும் பொறுங்கப்பா. அம்மாவைக் கொண்டுபோய் வச்ச மறுநாள் நான் கிளம்புறேன். மிஷன் கிஷன் ஒண்ணும் இல்ல. கடல் தாண்டிக் காளிமந்தான்ல ஒரு சுரங்கத்துல மெக்கானிக் வேலை சொல்லியிருக்காங்க."

"அவளையும் கூட்டிக்கிட்டுதானே?"

"அவகிட்ட இன்னும் கேக்கல."

வீட்டுக்கு வந்து பாப்புவாவுக்குப் போன் போட்டேன். விருந்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கலாமா என்று இரண்டு பெண்களிடமும் கேட்டேன். லீவு வாங்கி டிக்கெட்டும் எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள்.