சலங்கை கட்டிய அஞ்சல் ஓட்டம்

சலங்கைப் பேச்சை முதலில் எடுத்தது யார் என்று சரியாகச் சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. சுதர்ஷினி டீச்சருக்கே இல்லை. வீரம்மாதான் என்று சில நாள் அவளுக்குத் தோன்றும். சில நாள், இல்லை, மாயாண்டிதான் என்று தோன்றும். அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் அவளுக்கு முதலில் நினைவு வருவது பேச்சு அல்ல, பேச்சுக்கு முன்னால் கேட்ட சலங்கைச் சத்தம்.

இலங்கை மலையகத்தில் டயகமவுக்கு மேலே இருக்கும் அந்தப் பாடசாலையின் பெயர்ப்பலகையில் கல்லூரி என்று எழுதியிருக்கும். மைதானம் கிடையாது. பிள்ளைகள் வரிசையில் நிற்க ஒரு முற்றம், அதற்குக் கீழே சரிவு, சரிவு முழுக்கத் தேயிலை. விளையாட்டு ஆசிரியையாக நியமனம் பெற்று வந்த சுதர்ஷினி கொஞ்ச நாள் சமதரை தேடி நடந்தாள். கடைசியில் கிடைத்தது, மலையை ஒட்டி வளைந்து போகும் கொழுந்து லொறி ரோடுதான். அந்த ரோட்டில் நான்கு பெண் பிள்ளைகளை ஓடவிட்டு கோலைக் கைமாற்றி ஓடும் ஓர் அஞ்சல் ஓட்ட அணியைச் சேர்த்தாள். ஐந்தாவதாக நிறுத்த ஆள் இல்லை. ஒருத்தி குறைந்தால் அணியே கிடையாது.

அப்படிக் குறையப் பார்த்தவள் ஷாமிலா. அந்த மாதம் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நாயைச் சிறுத்தை, அங்குள்ளவர்கள் பேச்சில் புலி, தூக்கிக்கொண்டு போனது. மறுநாளிலிருந்து ஷாமிலா பயிற்சிக்கு வரவில்லை. சுதர்ஷினி லயத்துக்கே போனாள். ஷாமிலாவின் அம்மா வீரம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி, இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள நல்லா ஓடும்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? ஏங்கிட்ட அடி வாங்காம தப்பிச்சு ஓடிப் பழகுன காலுதானே அது."

"அப்புறம் ஏங்க அனுப்ப மாட்டேங்கிறீங்க?"

"பனி எறங்கிட்டா, மேல கொழுந்தெடுக்குற எனக்கு ரோடு தெரிய மாட்டேங்குது. புள்ள எங்க நிக்கிது, புலி எங்க நிக்கிதுன்னு நான் யாரக் கேக்குறது?"

  தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில், மாசியில் ஆடும் காமன் கூத்தின் வாத்தியார் மாயாண்டி, ஆட்டக்காரர்கள் காலில் கட்டும் சலங்கைகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. பிறகு யாரோ சொன்னார்கள், "இதக் கட்டிவிட்டா கேக்குமில்ல."

"சத்தத்துக்குப் புலியும் ஒதுங்கிப் போகும்" என்றார் மாயாண்டி. இதை அவர்தான் சொன்னார், அதில் சந்தேகமில்லை. "ஆனா இது காமனுக்குக் கட்டுறது. மாசி பொறக்குறதுக்குள்ள வந்து சேந்துரணும். செருப்புக் கால்ல கட்டக் கூடாது."

"அதுக ஓடுறதே வெறுங்கால்லதானே மாமா" என்றாள் வீரம்மா. பிறகு சுதர்ஷினியைப் பார்த்துச் சொன்னாள்: "சலங்கச் சத்தம் எனக்குக் கேக்குற வரைக்கும் ஓடட்டும்."

ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையின் சத்தத்தைத் தனியே அறிந்துகொள்ளும்படி ஒருத்திக்குச் சிறிய மணி, ஒருத்திக்குப் பெரிய மணி என்று கட்டினார்கள். மூன்றாவதாக ஓடும் அம்னாவுக்கு மட்டும், அவளுடைய வாப்பா பைஸர் தன் கடையில் தொங்கிய மாட்டுக் கழுத்து மணிகளைக் கோத்துக் கொடுத்தார். கடைசியாக ஓடும் ஷாமிலாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"டீச்சர், மாடு வருது, வழி விடுங்க!"

"முட்டிச்சுன்னா தெரியும் ஒனக்கு" என்றாள் அம்னா.

காவலுக்குக் கட்டிய மணி வேறு வேலைகளும் செய்தது. மூடுபனிக்குள் நின்று சுதர்ஷினி காது கொடுத்துக் கேட்டாள். களைத்த கால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மணியில் தெரிந்தது. சீராக வந்த சத்தம் இடையில் தடுமாறும். கோல் மாற்றுவதும் அப்படித்தான். பின்னால் வருபவளைப் பார்க்க வழியில்லாததால், மாட்டு மணி கிட்டே வந்ததும் ஷாமிலா கையைப் பின்னால் நீட்டியபடியே ஓடத் தொடங்குவாள். கோல் கைக்கு வந்துவிடும். அந்த மாற்றத்தில் கண்ணுக்கு வேலையே இல்லை.

வலயப் போட்டியில் நல்ல வெயில். சலங்கையை அவிழ்த்துவிட்டுத்தான் ஓடவேண்டும். அம்னா மற்ற அணிகளை முந்தி முதல் ஆளாக வந்தாள். ஷாமிலா நின்றது நின்றபடி நின்றாள். அம்னா அவள் முதுகில் மோதி, கோலைக் கையில் திணித்த பிறகுதான் ஓடினாள். இரண்டாம் இடம். கண்டியில் நடக்கும் மாகாணப் போட்டிக்குப் போக அது போதும், ஆனால் திரும்பும் வழியில் பைஸரின் மரக்கறி லொறிக்குள் வெறும் சாக்குகள் மேல் உட்கார்ந்து இருவரும் கட்டிப் புரளாத குறை.

"ஏன்டி மரம் மாதிரி நின்ன?"

"நீ வந்தது கேக்கலடி."

"கேக்கலன்னா திரும்பிப் பாக்குறது! கண்ண வாடகைக்கா விட்டிருக்க?"

 தவறு பிள்ளைகளுடையது அல்ல என்று சுதர்ஷினிக்குப் புரிந்தது. கண்டியில் ஓட வேண்டுமானால் இப்போதே சலங்கை கழல வேண்டும். சலங்கை கழன்றால் வீரம்மாவுக்குக் கொடுத்த வார்த்தையும் கழன்றுவிடும். சத்தம் கேட்காததற்கு ஏதாவது சாக்குச் சொல்லி ஒருவாரம் சமாளித்துவிடலாம் என்றும் நினைத்தாள். ஆனாலும் லயத்துக்குப் போய், உள்ளதைச் சொன்னாள்.

வீரம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள். ஷாமிலா கதவருகில் நின்றாள்.

"சலங்க அதுக கால்லதான் இருக்கணுமா டீச்சர்?"

"வேற எங்கங்க?"

"நாங்க வச்சிக்கிட்டா?"

மறுநாள் சாயங்காலம் பறித்த கொழுந்தை எடைபோட்டு முடித்ததும், வீரம்மா இரண்டு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். வளைவுக்கு ஒருத்தியாக நின்றார்கள், கையில் சலங்கை. நாலாவது வளைவுக்குக் கடையிலிருந்து அம்னாவின் உம்மா சாரா உம்மா குடையோடு வந்து மாட்டு மணியை வாங்கிக்கொண்டார். "இந்த வயசுல என்னையும் ஆட வச்சிட்டீங்களே டீச்சர்" என்று வெட்கத்தோடு ஆட்டினார். பனி இறங்கியது. ரோடு மறைந்தது. வளைவுகள் மட்டும் மணியாகக் கேட்டன. அவற்றுக்கு நடுவே பிள்ளைகள் சத்தமில்லாத கால்களோடு ஓடினார்கள். கொஞ்ச நாளில் ஷாமிலா, தாரில் அம்னாவின் வெறும் பாதம் விழும் ஓசையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்டியில் அவர்களுக்கு மூன்றாம் இடம். கோல் கைக்கு வரும்வரை ஷாமிலா ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மலையகத்தின் வேறு பாடசாலைகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து பார்த்தார்கள். டீச்சரின் புது முறை என்று பத்திரிகையில் வந்தது. அதில் லயத்தார் யார் பெயரும் இல்லை. சுதர்ஷினி பத்திரிகையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போய் வீரம்மாவுக்கு நன்றி சொன்னாள்.

"சலங்க யோசன நான் எங்க சொன்னேன்? மாயாண்டி மாமால்ல சொன்னாரு" என்றாள் வீரம்மா.

"நான் பித்தள தேச்சிக்கிட்டுல்ல இருந்தேன்" என்றார் மாயாண்டி. "நீங்கதான் டீச்சர் சொன்னீங்க."

நன்றியை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. அவள் அன்று நெடுநேரம் அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள்.  யார் வேண்டாம் என்றாலும் தன் நன்றி அந்த லயத்துக்குத்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

சலங்கைகள் மாசிக்கு முன்னரே காமனிடம் திரும்பின. மாயாண்டி இன்றும் கூத்துக் கட்டுகிறார். ஷாமிலா ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள், பாடம் உடற்கல்வி. அம்னா பைஸரின் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். மற்ற இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி கொழும்பில் வேலை செய்கிறாள், மற்றவள் கல்யாணமாகிக் கந்தப்பளையில் இருக்கிறாள். சாரா உம்மா முழங்கால் வலியால் ரோட்டுக்கு வருவதில்லை. வீரம்மா இன்னும் கொழுந்தெடுக்கிறாள். வேலை முடிந்ததும் புதிய பிள்ளைகளுக்காக வளைவில், பைஸர் கொடுத்த மாட்டு மணியோடு நிற்கிறாள். சுதர்ஷினிக்குத் தன் ஊர்ப்பக்கம் இடமாற்றம் கிடைத்தது. அவள் போகவில்லை.