துண்டுக்குள் பேசியது

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு உதித்ததல்ல. ஆட்டுச் சந்தையில் வசந்தகுமார் என்ற தரகனுக்கு இரண்டு டீயும் ஒரு வடையும் வாங்கிக் கொடுத்து வாங்கியது. என்னைப் போல ஆட்டு வியாபாரிக்குப் பிறந்தவர்கள் அடக்கவிலையை வெளியே சொல்வதில்லை. நான் எழுத வந்து கெட்டுப்போனேன்.

வசந்தகுமாரும் சூர்யாவும் ராமநாதபுரத்தில் ஒரு மாடி வீட்டில் மூன்று வருடமாகக் குடியிருக்கிறார்கள். கதவைச் சாத்தினால் காதலர்கள். ஊருக்கு மாமன் மகன், அத்தை மகன். (எங்கள் பக்கம் அதுவும் கட்டிக்கொள்கிற முறைதான். ஊர் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை.)

கீழ்வீட்டில் உரிமையாளர் அப்துல் குத்தூஸ் ஹாஜியார். ஒரு வியாழக்கிழமை மாடிப்படியில் நின்று, "தம்பி, நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் கீழ வாங்க. ஒரு விசயம் பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

2.

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "தாடியைக் கோதியபடி ஹாஜியார் குரூரமாகச்—"

வேண்டாம். தாடி வைத்தவருக்கு வில்லன் வேடம் கொடுப்பது மலிவுச் சரக்கு.

இரண்டாவது: "அந்தத் தாடிக்குள் மலர்ந்த புன்னகையில் எல்லா மதங்களின் கருணையும்—"

இது கவரிங். தேய்த்தால் பல்லைக் காட்டும்.

வசந்தகுமார் என்னவோ முதல் வரைவைத்தான் நம்பினான். அன்று சாயங்காலமே பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டான்.

"ஏலே, பேசணும்னுதான சொன்னாரு?" என்றான் சூர்யா.

"நெத்தியில தழும்பு விழுகுற அளவுக்குத் தொழுகுற ஆளு வேற என்னத்தப் பேசுவாரு? சாமி சாமின்னு கெடக்குற ஆளுக எல்லாம் ஒரே அச்சுடா. நம்மளக் கண்டா நரகத்துக்கு டிக்கெட் கிழிக்கிறவுக."

சூர்யா பிரதோஷத்துக்குத் திருவாடானை கோயில் தவறாதவன். அன்றும் நெற்றி நிறையத் திருநீறு.

"அப்ப நானு?"

"நீ வேற."*

* இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த மூட்டையும் சொத்தை என்று தள்ளிவிட்டு, தன் கைக்குப் பழகிய ஒன்றை மட்டும் முதல் தரம் என்று எடுத்து வைப்பது. இந்தக் கழிவு (ஆள் பார்த்துத் தரும் தள்ளுபடி) இன்னொரு முறையும் வரும்.

3.

வெள்ளிக்கிழமை. சூர்யாவைத் தெருவில் நிறுத்திவிட்டு வசந்தகுமார் மட்டும் உள்ளே போனான். ஹாஜியார் நாற்காலியைக் காட்டும் முன்பே வசந்தகுமார் சொல்லிவிட்டான்:

"ஹாஜியார், ரெண்டு மாசம் டைம் குடுங்க. வேற வீடு பாத்துருவோம்."

பத்து வருடத் தரகன். எதிராளி வாயைத் திறக்கும் முன் விலையைச் சொன்னான்.

ஹாஜியார் அவனையே பார்த்தார். "பக்ரீதுக்கு ஒரு நல்ல கெடா பாத்துத் தருவியான்னு கேக்கத்தான் கூப்ட்டேன். வீட்ட எதுக்குப்பா காலி பண்ணணும்?"

(சூர்யாவுக்கு வேலை மாற்றல் என்று ஒரு பொய் எழுதிப் பார்த்தேன். வீடு ஒழுகுகிறது என்று இன்னொன்று. எதுவும் அவன் வாயில் ஒட்டவில்லை.)

அவன் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான். நின்ற விதமே பதிலாகிவிட்டது. மூன்று வருடமாக ஹாஜியார் கேட்காமல் விட்டிருந்த கேள்விக்கு.

அடுப்படியில் அவர் மனைவி சபியா தட்டுக் கழுவும் சத்தம் கேட்டது. ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த மாதிரி ஆளுகளப் போன்ல பாத்திருக்கேன். மூஞ்சியில சாயம், குடி, கூத்து. அவுகளுக்கு எல்லாம் வீடு குடுக்க மாட்டேன்." அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "நீங்க வேற."

வசந்தகுமாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் முந்தின நாள் சூர்யாவுக்குத் தான் கொடுத்த அதே கழிவுதான் இது.

"நேத்து வரைக்கும் யாரு கேட்டாலும் எனக்குத் தெரியாதும்பேன். அது பொய் இல்ல. இன்னைக்கு நீ அதக் கெடுத்துட்ட. மார்க்கத்துல இது சரின்னு என் வாயில வராது. வெளிய போன்னும் வர மாட்டேங்குது. இன்னும் எத்தன வருசம் இருப்பீகன்னு நீயே சொல்லு. வாயால வேணாம்."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார். அவரும் பழைய ஆட்டு வியாபாரி. சந்தையில் துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். எத்தனை விரல் என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே தெரியும்.

"வெரலுக்கு ஒரு வருசம். பிடி" என்றார்.

4.

முடிவு (அ): ஹாஜியார் விரல்களை மடக்கிக்கொண்டார். அட்டைப்பெட்டிகள் லாரியில் ஏறின. பக்தி என்றாலே முகம் சுளிப்பவர்கள் 'அப்பவே சொன்னேனே' என்பார்கள்.

முடிவு (ஆ): பத்து விரல்களையும் கொடுத்தார். மத நல்லிணக்க மலருக்கு அனுப்பலாம்.

இரண்டையும் வசந்தகுமாரிடம் படித்துக் காட்டினேன்.

"ரெண்டுமே கலப்படம்ணே."

"அப்ப எத்தன வெரலுடா?"

"துண்டுக்குள்ள பேசினத வெளிய கேக்கலாமா? ஒங்க அய்யா சொல்லித் தரலையா?"

மூன்றாவது டீக்கும் மசியவில்லை. ஆகவே நான் எழுத முடிந்தது இவ்வளவுதான்:

அவன் வெளியே வந்தபோது சூர்யா தெருவில் நின்றிருந்தான். "எத்தன?" என்று கேட்டான். வசந்தகுமார் தன் துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டான். பள்ளிவாசல் வாசலில் நின்று பேசிவிட்டு வந்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

"என்னப்பா, கெடா படிஞ்சுதா?" என்றார் ஒருவர்.

"இன்னும் படியல பாய்" என்றான் சூர்யா.

எண்ணிக்கை எப்போதோ சொல்லியாகிவிட்டது. கைகள்தான் வெளியே வரவில்லை. எத்தனை விரல் என்று உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டுமென்றால் துண்டைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டப்பகலில், நடுத்தெருவில், அந்தத் துண்டை நான் தொடமாட்டேன்.