முப்பத்தைந்து

படியேறினால் படியை எண்ணுவாள், சட்டை போட்டால் பொத்தானை எண்ணுவாள். வீட்டில் அவளுக்குக் கணக்குப்பிள்ளை என்றே பெயர். அந்தப் புத்திக்கேற்ற வேலைதான் வாய்த்தது: பரிசோதனைக் கூடத்தில், கொட்டாத தேனீக்களின் குரோமோசோம்களை எண்ணுவது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தேனீ வளர்க்கும் அண்ணன் கேட்டான்.

"ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தேனீயும் நம்ம தேனீயும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்ணா. ரெண்டுக்கும் முப்பத்தி நாலு."

அவள் சொன்னால் அவனுக்கு அப்பீலே கிடையாது. அக்கரை ராணிகளைக் கொண்டுவந்து நாற்பது பெட்டிகளிலும் விட்டான். அவை இக்கரை ஆண்களோடு கூடின. பிள்ளைகள் நன்றாகத்தான் பிறந்தன. அந்தப் பிள்ளைகளில் ராணியானவை இட்ட முட்டைகள்தான் பொரியவே இல்லை. பெட்டி பெட்டியாகச் சத்தம் அடங்கிப்போயிற்று.

இன்று காலை அண்ணன் ஒரு டப்பாவோடு வந்தான். உள்ளே மெழுகு அடைத் துண்டு, பதினொரு புழுக்கள்.

"கடைசிப் பெட்டியிலேர்ந்து எடுத்தேன். பழைய அக்கரை ராணி சாகறதுக்கு முன்னால இட்ட முட்டையில வந்ததுங்க. என்ன வியாதின்னு பாத்துச் சொல்லு."

அவனை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கணக்குப்பிள்ளை வேலையில் இறங்கினாள். தலையைப் பிளந்து மூளையை எடுத்து, மருந்தில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லில் நசுக்கிச் சாயமேற்றினாள். முப்பத்தைந்து. திரும்ப எண்ணினாள். பதினொன்றிலும் முப்பத்தைந்து.

பழைய சில்லுகளை அலமாரியிலிருந்து எடுத்தாள். அக்கரைத் தேனீக்கு முப்பத்தாறு. நோட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'இரண்டு புள்ளி சாயக் கறை, சேர்க்கவில்லை.' தாயிடமிருந்து பாதி, பதினெட்டு; தகப்பனிடமிருந்து பதினேழு; முப்பத்தைந்துதானே வரும். ஒன்றுக்கு ஜோடி இல்லை. ஜோடி சேராத உடம்பு இடும் முட்டை எப்படிப் பொரியும்?

மத்தியானம் வெளியே வந்தாள்.

"வியாதி இல்லண்ணா. அதுங்க வேற, நம்மளது வேற. நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"சரி விடு. நீ வேணும்னேவா பண்ணே? வியாதி இல்லைன்னா போதும்" என்று எழுந்த அண்ணன் கையை நீட்டினான். "எண்ணியாச்சுல்ல, குடு அதுங்கள. இருந்ததே அந்தப் பதினொண்ணுதான். பொழுது சாயறதுக்குள்ள பெட்டியில சேத்துடறேன்."