மூச்சு முட்டிய பத்துச் சக்கர லாரி

ஜெயம்மாள் இட்லியைப் பிட்டு வாயில் வைத்த நேரத்தில்தான் போன் வந்தது. லாரி மலையில் நின்றுவிட்டதாம். அந்த வாய் இட்லியை விழுங்கினாளா துப்பினாளா என்பது அவளுக்கே தெரியாது. ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டி, டீசல் நிரப்பிய பத்து லிட்டர் கேன் ஒன்றையும் சுருட்டிய ரப்பர் குழாயையும் டூவீலரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கச்சிராயபாளையம் தாண்டி, மலைப்பாதையின் முதல் வளைவு வந்தபோதுதான் காலில் செருப்பில்லை என்பதே அவளுக்குத் தெரிந்தது.

இவ்வளவு பறப்பதற்குக் காரணம் இருந்தது. கள்ளக்குறிச்சியில் அவளுக்கு ஒரு தகர ஷெட்டு. கிணற்றடி டீசல் என்ஜினும் டிராக்டரும்தான் அங்கே வரும். கழற்றிக் கழற்றி மாட்டியதுதான் அவள் படித்த படிப்பு. இருநூற்று எண்பது குதிரை சக்தியுள்ள பத்துச் சக்கர லாரி அவள் வாசலில் வந்து நின்றது இந்த வாரம்தான், அதுவும் முதல் தடவை. வேறு எங்கும் ஆள் கிடைக்காததால் லாரிக்காரர் காசிநாதன் கொண்டுவந்து விட்டிருந்தார். டீசல் கசிவு. ஜெயம்மாள் ஃபில்டரை மாற்றினாள், வெடித்திருந்த குழாய்களை மாற்றினாள், சங்கராபுரம் வரை ஓட்டிக் காட்டினாள். வண்டி தண்ணீரில் மீன் போனதுபோல் போய் வந்தது.

அந்த வண்டிதான் இப்போது மலையில் நிற்கிறது. காசிநாதன் போனில் பேசியது காதிலேயே நின்றது.

“மூணு மணி வரிக்கும் பாரு, ஜெயம்மா. அப்பால உளுந்தூர்பேட்டைலேர்ந்து ஆளு வந்து டீசல் பம்ப கழட்டினு போய்டுவாரு. ஊர்ல அத்தினி பேரும் சொன்னாங்க, டிராக்டர் பாக்கறவகிட்ட லாரிய வுடாதன்னு. நான்தான் கேக்கல.”

பம்பைக் கழற்றினால் பழி யார் தலையில் விழும்? அப்புறம் எந்தப் பெரிய வண்டி அவள் ஷெட்டுப் பக்கம் தலைவைக்கும்?  ஆனால் பாருங்கள், அந்தக் கவலைக்கு நடுவிலேயே தேர்த் திருவிழாவுக்குப் போகிற பிள்ளையின் குதியாட்டமும் இருந்தது. இன்ன கோளாறு என்று தெரியாத வண்டி என்றால் அவளுக்கு அப்படித்தான்.

வெள்ளிமலையைத் தாண்டி, ஒரு பள்ளத்து ஊரிலிருந்து மேலேறும் மேட்டில் லாரி நின்றிருந்தது. முதுகு நிறைய மரவள்ளிக் கிழங்கு. சக்கரங்களுக்குப் பின்னால் கல் முட்டுக் கொடுத்திருந்தது. கிழங்குக்குச் சொந்தக்காரி பழனியம்மாள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து லாரியையே முறைத்துக்கொண்டிருந்தாள். டிரைவர் பொன்னுரங்கம் நிழலில் கால் நீட்டியிருந்தார்.

“வாம்மா டாக்டரு,” என்றார் அவர். “நோயாளி படுத்துக்கினு கீறாரு. நாடி புடிச்சுப் பாரு.”

“நாடி அப்பறம் புடிக்கலாம். மொதல்ல நீங்க சொல்லுங்கண்ணா. எங்க நின்னுச்சு, எப்படி நின்னுச்சு?”

“விடிகாலைல கள்ளக்குறிச்சில டேங்க ரொப்பினேன், கழுத்து வரிக்கும். வெறும் வண்டி. பாதி மலை ஏறுச்சு, இழுவ கம்மியாச்சு. ரேஸ் குடுத்தா கெழவன் மாதிரி இருமுது. டீசல எவனாச்சும் புடிச்சுட்டானான்னு மூடியத் தொறந்து பாத்தேன். நெறையத்தான் இருந்துச்சு. மூடினேன், ஏறினேன். குதிர மாதிரி வந்துச்சு.”

“அப்பறம்?”

“இங்க லோடு ஏத்தி மூணு வளைவுகூட வரல. படுத்துக்கிச்சு. சூடு ஆறட்டும்னு ஒரு மணி நேரம் வுட்டேன். எடுத்தா பத்தடி வந்து மறுபடி படுத்துக்கிச்சு. சூடுன்னா ஆறினதும் ஓடணும் இல்ல? அதான் பம்புன்னு சொன்னேன்.”

“கெழங்கு புடுங்கி ஒரு நாளாச்சு,” என்றாள் பழனியம்மாள். “நாளைக்குள்ள ஜவ்வரிசி மில்லுக்குப் போவலன்னா உள்ள கறுத்துரும். கோளாறு பேரு இன்னாவா இருந்தா எனக்கு இன்னா?”

ஜெயம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். முதலில் காற்று. டீசல் குழாயில் ஒரு மயிரிழை ஓட்டை இருந்தாலும் போதும், பம்பு டீசலோடு காற்றையும் குடித்துவிட்டு விக்கும். தான் புதிதாக மாட்டிய இணைப்புகளைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். ஃபில்டருக்கு முன்னால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, பொன்னுரங்கத்தை ரேஸ் கொடுக்கச் சொன்னாள். கண்ணைக் குழாயோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். ஒரு குமிழ்கூட இல்லை. ஆனால் டீசல் வருவதே மெலிந்துபோய் வந்தது, கோடைக் குழாயடியில் தண்ணீர் வருவதுபோல.

“ஏர் இல்லண்ணா,” என்றாள். குரல் ஏறியிருந்தது. “பம்பு குடிக்க மாட்டேன்னு சொல்லல. குடிக்கக் கெடைக்கல அதுக்கு.”

“அத்த எப்படிக் கண்ட?”

“இப்போ காட்டறேன்.”

டீசல் கேனை டேங்கின் பக்கத்திலேயே, அதே உயரத்தில் கயிற்றால் கட்டினாள். டேங்கிலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் மடக்கி இறுகக் கட்டி என்ஜின் பக்கம் கழற்றிவிட்டு, பம்புக்கு டீசல் போக ரப்பர் குழாயை மாட்டிக் கேனுக்குள் விட்டாள். மிச்ச டீசல் திரும்பிவரவும் ஒரு துண்டுக் குழாயை அதிலேயே விட்டாள். கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினாள். இப்போது டேங்குக்கும் என்ஜினுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

“ஏறுங்கண்ணா. நான் கேன் பக்கத்துல தொத்திக்கறேன். நீங்க கல்ல எடுத்துக்கினு பின்னாலயே வாங்க, பழனியம்மா.”

பொன்னுரங்கம் ஏதோ முனகிக்கொண்டே முதல் கியர் போட்டார். லாரி ஒரு முறை உறுமியது. அப்புறம் அத்தனை கிழங்கையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியதே ஏற்றம். ஜெயம்மாளின் காது வலித்தது, தொங்கிய கை வலித்தது, முகமெல்லாம் சிரிப்பு. பின்னால் பழனியம்மாள் கையில் கல்லோடு ஓடிவந்தாள். அடுத்த வளைவில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தபோது மூன்று பேருக்கும் மேல்மூச்சு வாங்கியது, லாரிக்குத்தான் வாங்கவில்லை.

“பம்பு தங்கம்,” என்றாள் ஜெயம்மாள். “டீசல் பீச்சற நாசலும் தங்கம். கோளாறு டேங்குலதான். இவ்ளோ பெரிய வயித்துல இவ்ளோ டீசல வச்சுக்கினு குடுக்க மாட்டேங்குது.”

“குப்பை அடச்சிருக்கும்.”

“அப்படித்தான் இருக்கணும்.”

டேங்குக்குள் கம்பி விட்டுப் பார்க்கலாம் என்று மூடியைத் திருகினாள். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உஸ் என்று ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. அதோடு, உள்வாங்கியிருந்த டேங்கின் தகர விலா டொக் என்று வெளியே வந்தது.

ஜெயம்மாள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். காலையில் பொன்னுரங்கம் மூடியைத் திறந்தார், வண்டி குதிரையாக ஓடியது. லோடு ஏற்றியபின் திறக்கவில்லை, ஒரு மணி நேரம் ஆறியும் ஓடவில்லை. டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்காகத்தான் மூடி நடுவில் ஊசி பருமனுக்கு ஒரு துளை. காற்றுப் போகாவிட்டால் பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் டேங்கு விடாது. கழுத்து வரை நிரப்பிய டேங்கில் காற்றுக்கு இடமும் கம்மி, சீக்கிரமே மூச்சு முட்டிவிடும். சங்கராபுரம் போய்வந்தபோது டேங்கு பாதி காலி, போனதும் சமதரை. அதனால்தான் அன்றைக்குத் தெரியவில்லை.

மூடிமேல் படிந்திருந்த புழுதியை ஊதிவிட்டுத் துளையைப் பார்த்தாள். துளை இல்லை. இருந்த இடத்தில் காய்ந்து கல்லான சந்தனம், அதன்மேல் குங்குமம், நடுவில் அச்சு வார்த்ததுபோல் ஒரு கட்டைவிரல் ரேகை.

அது அவள் கட்டைவிரல்தான்.

எந்த வண்டியும் பொட்டு வைக்காமல் அவள் ஷெட்டை விட்டுப் போனதில்லை. ஸ்டீயரிங்குக்கு, சக்கரத்துக்கு, முகப்புக்கு. டேங்கு மூடிதானே வண்டிக்கு வாய், அதற்கும் ஒன்று. முதல் பெரிய வண்டி என்ற சந்தோஷத்தில் அன்றைக்குச் சந்தனத்தைச் சட்டினி மாதிரி அப்பியிருந்தாள். கிணற்றடி என்ஜின் மூடிகளில் துளை ஓரமாக இருக்கும். இதில் நடுவில்.

“இன்னாம்மா, குப்பையா?” பொன்னுரங்கம் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

ஆமாம் என்று சொன்னால் போதும். நகத்தால் ஒரு சுரண்டு, முடிந்தது கதை. ஷெட்டும் பிழைக்கும், பேரும் பிழைக்கும். நாக்கு அந்தப் பொய்யை எடுக்கத்தான் போனது. ஆனால் கண்டுபிடித்த சந்தோஷம் அதை முந்திக்கொண்டது. ஒரு பொட்டு இருநூற்று எண்பது குதிரையைக் கட்டிப்போட்டிருக்கிறதே. அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“குப்பை இல்லண்ணா. நான் வச்ச பொட்டு.”

மூடியை நீட்டினாள். பழனியம்மாள் எட்டிப் பார்த்தாள். “அடிப் பாவி,” என்றாள். “சாமி கும்புட்டு என் கெழங்க சாகடிக்கப் பாத்தியே.”

“சாவல, சாவல. ஒரு ஊக்கு குடுங்க.”

பழனியம்மாள் ரவிக்கையில் இருந்த ஊக்கைக் கழற்றித் தந்தாள். ஜெயம்மாள் சந்தனத்தைக் குத்திப் பொடித்து, துளையில் வாய்வைத்து ஊதினாள். காற்று போயிற்று. டேங்குக் குழாய்களின் கட்டை அவிழ்த்துத் திரும்பவும் என்ஜினில் மாட்டி, மூடியை இறுக்கி, டூவீலரைப் பழனியம்மாள் பொறுப்பில் விட்டுவிட்டுக் கேபினில் ஏறி உட்கார்ந்தாள்.

லாரி புறப்பட்டது. ஒரு வளைவு. இரண்டு. லோடு ஏற்றியதும் ஓடிப் படுத்துக்கொண்ட அந்த மூன்று வளைவுத் தூரத்தைத் தாண்டியும் இருமல் இல்லை. நான்காவதில் பொன்னுரங்கம் கியரை மாற்றினார். ஜெயம்மாள் டேங்கின் பக்கமே காதைத் தீட்டிக்கொண்டு, ஒவ்வொரு மேட்டிலும் தானே கீழிறங்கித் தள்ளுவதுபோல் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெள்ளிமலைக் கடைகள் கண்ணில் பட்டபோது மணி இரண்டரை.

அங்கே சிக்னல் நன்றாகக் கிடைத்தது. காசிநாதனை அவளே கூப்பிட்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை, சந்தனம், துளை, கட்டைவிரல், எல்லாம் சொன்னாள்.   

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வருவதற்குள் பொன்னுரங்கம் ஒரு கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி மறுகையால் போனை வாங்கினார்.

“மொதலாளி, நான்தான். உளுந்தூர்பேட்டை ஆளு கெளம்பியிருந்தா அப்படியே திரும்பிப் போவச் சொல்லுங்க. பம்ப கழட்டியிருந்தா நாலு நாளு போயிருக்கும், பம்பும் போயிருக்கும், அப்பவும் வண்டி ஓடியிருக்காது.” ஒரு நிமிஷம் கேட்டார். “ஆமா, அவதான் அடச்சா. அடச்சது யாருன்னு அவ சொல்லலன்னா உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.” மறுபடி கேட்டார். “நம்ம செட்டுல நிக்குதே இன்னொரு வண்டி, புகை கக்கிக்கினு? அத்த நாளைக்கே இந்தம்மாகிட்ட வுடலாம்னு சொல்றேன். சரிங்க. சரிங்க மொதலாளி.”

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னா சொன்னாருண்ணா?”

“வுடச் சொன்னாரு,” என்றார் பொன்னுரங்கம், இறக்கத்துக்குக் கியரைக் குறைத்துக்கொண்டே. “பொட்டு மட்டும் அந்த வண்டிக்கு நானே வச்சுடறேன்.”