பதினான்காம் நாள் கையெழுத்து

அந்த மனிதரின் முகம் மட்டும் அவளுக்கு வரவே மாட்டேன் என்றது. கண்ணை மூடினால் கவுண்டர் கண்ணாடியின் அடியில் இருக்கும் அரைவட்ட ஓட்டை தெரிந்தது. அதன் வழியாக ஓர் இடது கை உள்ளே வந்து பேனாவைத் தேடியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருந்த கைகளையெல்லாம் பார்த்தாள். வகுப்பில் யாராவது இடது கையால் குறிப்பெடுத்தால் அந்தப் பேனா காகிதத்தில் உராயும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை.

பத்து நாளைக்கு முன்பு அவள் இப்படி இல்லை.

விபத்து ஓய்வூதியப் பிரிவில் அவளுக்குப் புயல் என்று பெயர். தூசி படிந்து கிடந்த ஆயிரத்து நூற்று நாற்பது விண்ணப்பங்களை மூன்றே மாதத்தில் அறுபதாக்கியவள். வழி சுலபமானது. ஒரு சரிபார்ப்புத் தாள், அதில் பதினோரு கேள்வி. ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் குறைக் கடிதம் போகும். பதினைந்து நாளில் குறை தீராவிட்டால் கோப்பு முடிந்தது; அதற்குத் தனிக் கடிதம் கிடையாது. ஒரு கோப்புக்கு நாற்பது விநாடி. அந்தக் கணக்கைக் காட்டித்தான் பொது நிர்வாக முதுகலைத் துரிதப் படிப்பில் இடம் வாங்கினாள். இரண்டு வருடப் பாடம் பதினோரு மாதத்தில். அதே கணக்குதான் இப்போது அவளுடைய ஆய்வேடு. வாய்மொழித் தேர்வில் தேறினால் பட்டம், பட்டத்தோடு பிரிவுத் தலைவர் நாற்காலி. தவறினால் மறுதேர்வு கிடையாது. சாதாரணப் படிப்பில் முதலிலிருந்து இரண்டு வருடம்.

வகுப்பில் பாதிப் பேர் அதிகாரி வீட்டுப் பிள்ளைகள். முதல் நாள் அறிமுகத்தில் ஒருவன், “எங்கப்பாவும் இதே சர்வீஸ்தான்” என்றான். அவள் முறை வந்தபோது, “எங்கப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும்” என்றாள். யாரோ சிரித்தார்கள். சிரித்தவனை அவள் இன்னும் மறக்கவில்லை.

ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர் கடைசியில் ஒரு வேலை வைத்தார். முடித்த கோப்புகளில் பத்தை எடுத்து, அந்த வீடுகளுக்கு நேரில் போய்வர வேண்டும். ஒன்பது வீட்டில் வம்பில்லை. மூவர் வீடு மாறியிருந்தார்கள், ஆறு பேர் மறுபடி விண்ணப்பித்திருந்தார்கள். பத்தாவது வீடு பஸ் பணிமனைக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்தது அவள் வயதுப் பெண். கழுத்தில் அளவு டேப், அறைக்குள் தையல் மெஷின்.

“அப்பா இல்லீங்க மேடம். ரெண்டு மாசம் ஆச்சு.”

“எங்க போயிருக்காரு?”

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “எங்க போவாங்க? இறந்துட்டாரு.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். அப்பா பணிமனையில் பஸ் கழுவுகிறவராம். கழுவும் மெஷின் பெல்ட்டில் சிக்கி வலது கை மணிக்கட்டோடு போயிருக்கிறது.

“உங்க ஆபீஸ்லேர்ந்து கடுதாசி வந்துச்சு. பழைய கையெழுத்தோட புதுக் கையெழுத்து பொருந்தலையாம். எப்படி மேடம் பொருந்தும்? போட்ட கைதான் போயிடுச்சே.”

சரிபார்ப்புத் தாளில் ஏழாவது கேள்வி அது. கை போனதற்கான ஓய்வூதிய விண்ணப்பத்தில், கையெழுத்து பொருந்தவில்லை என்று அவள்தான் ‘இல்லை’ போட்டிருக்கிறாள். நாற்பது விநாடியில் அதுகூடவா கண்ணில் படவில்லை?

“எங்கப்பா ரோஷக்காரரு. ‘என்னடி, ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டாப் போச்சு’ன்னு ஒக்காந்துட்டாரு.” மெஷின் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெயர். முதல் பக்கங்களில் கோழி கிளறியதுபோல. போகப்போக எழுத்துகள் நிமிர்ந்து நின்றன. “சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாக்கூட வரமாட்டாரு. கெடு முடியறதுக்கு முந்தின நாள் நேரா ஆபீஸுக்கே போயி போட்டுட்டு வந்தாரு.”

“ஆபீஸ்லயா? யார்கிட்ட?”

“கவுண்டர்ல ஒரு பொண்ணு பெரிய நோட்ட நீட்டி ‘கையெழுத்துப் போடுங்க’ன்னுச்சாம். போட்டாராம். ‘சரியா வந்துடுச்சு, அந்தப் பொண்ணு மறுபேச்சே பேசல’ன்னு அவ்ளோ சந்தோஷம். அதுக்கப்புறம் தெனமும் தபால்காரர எதிர்பார்த்துட்டேதான் இருந்தாரு.”

அந்த மாதங்களில் காலை வேளைகளில் கவுண்டரில் உட்கார்ந்தவள் அவள்தான். நோட்டை இரவல் கேட்டாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, “திருப்பிக் குடுத்துடணும்” என்றாள்.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் கையெழுத்திட வேண்டிய வெறும் வருகைப் பதிவேடு அது. குறைக் கடிதம் போன பதினான்காம் நாள், நான்காவது வரி. கோப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கை இருந்தபோது போட்ட கையெழுத்தும் இதுவும் ஒன்றேதான்; கடைசி எழுத்தின் சுழி முதற்கொண்டு. எதிரே அவளுடைய டிக். ‘தகவல் தெரிவிக்கப்பட்டது.’

என்ன தகவல்? யாருக்கு? தலையைத் தூக்கியிருந்தாலல்லவா முகம் தெரியும். கேட்ட கையெழுத்து அவள் முழங்கைக்குக் கீழேயே கிடந்திருக்கிறது. இரண்டு நாள் கழித்து, கையெழுத்து வரவில்லை என்று எழுதிக் கோப்பை முடித்தவளும் அவளேதான்.

பேராசிரியர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வருத்தமான விஷயம்தாம்மா. பத்தாவதா வேற ஒன்ன எடுத்துக்கோங்க. ஆயிரத்துல ஒன்னு. புள்ளிவிவரத்துல அது கணக்குக்கே வராது.”

“பத்துல ஒன்னு சார். நான் போனது பத்து வீடுதான்.”

“பட்டம் வாங்குங்க மொதல்ல. நாற்காலியில ஒக்காந்துட்டு அப்புறமா மாத்துங்க.”

“அப்படிச் சொன்னவங்கதான் சார் எல்லா நாற்காலியிலயும் ஒக்காந்திருக்காங்க.”

வீட்டில் அம்மா பட்டமளிப்புக்குக் கட்டிக்கொள்ளப் புடவை எடுத்து வைத்திருந்தாள். “எங்கேடி பராக்குப் பாக்குற? சோறு ஆறுது.”

“அம்மா, அப்பா கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டது எப்போ?”

“நீ ஸ்கூல்ல சேந்தப்போ. ரேகை வச்சா பொண்ண மட்டமாப் பாப்பாங்கன்னு ஒரு மாசம் பேப்பரக் கிழிச்சுத் தள்ளுனாரு.”

அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நோட்டை எடுத்தாள்.

வாய்மொழித் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த வெளித் தேர்வாளர், ஓய்வுபெற்ற அதிகாரி, எண்ணிக்கைப் பக்கத்தைத் தட்டி, “பிரமாதமான வேகம்” என்றார்.

“அந்த எண்ணிக்கை தப்பு சார்.” நோட்டையும் பதிவேட்டு நகலையும் மேசைமேல் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். கோப்பை முடித்தது தான்தான் என்பதையும் சொன்னாள். “இன்னும் எத்தனை தப்புன்னு எனக்குத் தெரியாது. மத்த எல்லாத்தையும் திறந்து பாக்கணும்.”

அவர் நோட்டின் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. “எவ்வளவு நாளாகும்?”

“தெரியாது சார். வேகமா ஆகாது.”

“அப்ப இந்தப் படிப்புல பட்டம் கிடையாது. மொதல்லேர்ந்து ரெண்டு வருஷம். புரியுதில்ல?”

“புரியுது சார்.”

பேராசிரியர் மதிப்பெண் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அப்பாவுக்கு வரவேண்டியிருந்த நிலுவையை மகள் பெயரில் கோரும் படிவத்தையும் கொண்டுபோனாள். பதினோரு கேள்விகளையும் தானே வாசித்துக் காட்டினாள். அந்தப் பெண் நன்றியெல்லாம் சொல்லவில்லை. “இதுல எங்க கையெழுத்துப் போடணும்? சரியான எடத்தக் காட்டுங்க” என்றாள். இவள் காட்டினாள்.

திங்கட்கிழமை காலை பதிவறைக்குள் போனாள். வாசலில் கண்காணிப்பாளர் வழிமறித்தார். “என்ன புயலு, முடிஞ்சதத் தோண்டப் போறியாமே? வேலையத்த வேல.”

“முடியல சார். முடிச்சேன், அவ்வளவுதான்.”

முதல் கோப்புக் கட்டைக் கீழே இறக்கினாள். கட்டுக்குப் பின்னால், இருட்டில், பேனா உராயும் அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. கோப்பில் அவர் புகைப்படத்தைப் பார்த்திருக்கிறாள்; கவுண்டரில் நின்ற முகம் மட்டும் இன்னும் வரவில்லை. இனி வராது என்று அவளுக்குத் தெரிந்தது. நாடாவை அவிழ்த்து, முதல் கோப்பில் இருந்த புகைப்படத்தை வெளிச்சத்துக்கு அருகே கொண்டுபோய், வெகுநேரம் பார்த்தாள்.