கடைசிக் கூறு

வண்டி தார் முடிந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி, முன்னால் கிடந்த தண்ணீரில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்கு நனைந்து வந்தது.

"இதுக்கு மேல போகாதுலா. டயர் பொதைஞ்சா பெட்டியோட மாட்டிக்கும்."

மங்களம் முன்னிருக்கையை விட்டு இறங்கவில்லை. நேற்றுக் காலையில் அம்புலன்ஸும் இதே இடத்தில்தான் நின்றது. இருபத்து மூன்றாம் வீட்டு வாசலோடு தார் முடிகிறது. அதற்கப்புறம் முந்நூறு அடி செம்மண். சாதாரண மழைக்குச் சேறு, இந்த மாதிரி மூன்று நாள் அடித்தால் ஆறு. அந்தப் பக்கம் தன்னந்தனியாக இருக்கிறது இருபத்து நான்காம் வீடு. அவளுடைய வீடு. பெட்டிக்குள் படுத்திருக்கிற பத்துமலையின் வீடு.

நேற்று அவரை அவள்தான் தள்ளிக்கொண்டு வந்தாள். செம்பனைக் குலை ஏற்றுகிற ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி. கால் இரண்டும் வெளியே தொங்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மெதுவா தள்ளு, கண்ணாடி விழுந்துரும்" என்றார். மனுஷனுக்கு உயிர் போகிற நேரத்திலும் கண்ணாடிதான். பாதி வழியில் அது விழுந்தது. அவள் நிற்கவில்லை. நின்று எடுத்துக் கொடுத்திருக்கலாம், எப்படியும் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் போய்விட்டார் என்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா." யுகேந்திரன் குடையோடு ஜன்னல் பக்கம் வந்தார். ஒன்றாம் வீட்டுக்காரர், இருபத்து நான்கு வீடுள்ள இந்தத் தாமானுக்குக் குழுத் தலைவர். "நம்ம வீட்டுல எல்லாம் ரெடி. கூடாரம் போட்டாச்சு, நாக்காலி போட்டாச்சு. நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. அண்ணன நம்ம போர்ட்டிகோவுல வைப்போம்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? வண்டி அங்க போகாதேக்கா."

பின்னிருக்கையிலிருந்து தினேஸ்வரி எட்டிப் பார்த்தாள். ஒரே மகள். காம்பாரில் கணக்கியல் படிக்கிறாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மா, அங்கிள் சொல்றது சரிதாம்மா. ரெண்டு மணிக்கு மின்சுடலையில டைம் குடுத்துருக்காங்க. ஈப்போ போகவே முக்கா மணி நேரம் ஆகும்."

எல்லாரும் சரியாகத்தான் பேசினார்கள். மங்களத்துக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது.

பத்துமலை ஃபேக்டரி பஸ் ஓட்டினவர். தொழிலாளர்களை உள்ளே விட்டுவிட்டு, ஷிஃப்ட் முடியும்வரை பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கிற வேலை. மற்ற டிரைவர்கள் தூங்கினார்கள், நாலுநம்பர் லாட்டரி எழுதினார்கள். இவருக்கு நாற்பத்தைந்து வயதில் படிப்புக் கிறுக்குப் பிடித்தது. ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஞாயிறுதோறும் அரசியல் தத்துவ வகுப்பு எடுத்தார். பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். ஆறே மாதத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். அந்த மூவரில் இவர் ஒருவர். மூன்று வருஷம்! சொத்து யாருக்கு, சட்டம் எதற்கு, அரசாங்கத்துக்கு ஏன் கீழ்ப்படிய வேண்டும் என்று ஒரு பிஸ்கட் டின் நிறைய நோட்டு எழுதிக் குவித்தார்.

"இது சோறு போடுமா?" என்று மங்களம் கேட்பாள்.

"சோத்த யாருக்கு எவ்ளோ போடணும்னு சொல்லும்" என்பார். அடிக்கலாம் போல இருக்கும்.

அப்புறம்தான் அவர்கள் குடியிருந்த தோட்டம் கைமாறியது. தொழிலாளர் வரிசை வீடான லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆறு வருஷம் இழுத்தடித்து, கடைசியில் இருபத்து நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு துண்டு நிலம் கிடைத்தது. ஒரு முனை பெரிய சாலை, மறுமுனை பள்ளம். அன்றிலிருந்து சண்டை. எனக்கு முன்பக்கம், எங்கப்பா ஆள் மேய்த்த மண்டோரு, எனக்கு நாலு பிள்ளை, நான் கோர்ட்டுக்கு அலைந்தவன் என்று கோயில் கொட்டகையில் நாற்காலி பறந்தது.

பத்துமலை எழுந்தார். "முனியாண்டி கோயில்ல கெடா வெட்டுனா எப்படிப் பங்கு போடுவோம்? கூறு போடுறவன் கடைசியாத்தான் எடுப்பான். அப்பதான் கை கோணாது. அதையே இதுக்கும் வைப்போம். ஒருத்தர் நிலத்த அளந்து கூறு போடட்டும். மத்தவங்க சீட்டுக் குலுக்கி, வர்ற வரிசைப்படி எடுக்கட்டும். கூறு போட்டவரு கடைசி."

கொட்டகை கையைத் தட்டியது. நியாயம், நியாயம் என்றார்கள். சரி, யார் கூறு போடுவது என்று கேட்டதும் எல்லாரும் தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார்கள். மங்களம் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். நன்றாக இழுத்தாள், பொத்தான்கூடத் தெறித்தது. அவர் கையைத் தூக்கிவிட்டார்.

நாலு மாதம் டேப்பைப் பிடித்துக்கொண்டு அளந்தார். பள்ளத்து மனைக்குப் பத்தடி கூடக் கொடுத்தார், அதைச் சுற்றித் தண்ணீர் வடிய லோங்காங் வெட்ட இடம் விட்டார். இருந்தும் எல்லாரும் எடுத்து முடித்தபோது மிச்சம் கிடந்தது அதுதான்.

"எறைச்சின்னா இங்க ஒரு துண்ட எடுத்து அங்க போடலாம்" என்று அன்று ராத்திரி அவள் கத்தினாள். "மேட்ட எடுத்துப் பள்ளத்துல போடுவீங்களா?"

"ரோடு வந்துரும் மங்களம். ரோடு வந்துட்டா எல்லா வீடும் ஒண்ணுதான்."

ரோடு வந்தது. இருபத்து மூன்றாம் வீடுவரை வந்தது. மீதிக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்ட மனு வேண்டும் என்றது மாவட்ட ஆபீஸ். ஒன்பது வருஷம் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, "அடுத்த கூட்டத்துல பேசுவோம் அண்ணே" என்றார்கள். கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. தார் போட்ட வீட்டுக்காரனுக்குக் கூட்டம் எதற்கு?

போன மாதம்கூட அவள் கேட்டாள், படிச்சுக் கிழிச்சதுக்கு என்ன கண்டீங்க என்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒரு ஏற்பாடு நியாயமான்னு மொத வீட்டுல உக்காந்து பாத்தாத் தெரியாது. கடைசி வீட்டுல போய் நிக்கணும்."

"நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்! காலு ஊறிப்போச்சு" என்றாள். சிரித்தார். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

இப்போது அவள் வண்டிக் கதவைத் திறந்து இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"எறக்குங்க. எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வாங்க."

"அக்கா, தண்ணி கெடக்கு."

"நேத்தும் கெடந்துச்சு."

யுகேந்திரன் குடையை அவள் தலைக்கு மேல் நீட்டினார். "வயசானவங்கள்லாம் வருவாங்கக்கா. எப்படி நடப்பாங்க?"

"ஒரு தடவ நடக்கட்டும்."

தினேஸ்வரிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஏம்மா இப்பப் போய் அடம் புடிக்கிற? கூறு போடுறேன், நியாயம் பேசுறேன்னு அப்பா கடைசியில தள்ளுவண்டியிலதான போனாரு? அந்தப் படிப்பால நமக்கு என்ன கெடைச்சுச்சு?"

ஒன்பது வருஷமாக மங்களம் சொன்ன அதே வார்த்தை. மகள் வாயில் கேட்டதும் சட்டென்று திரும்பினாள்.

"அத நான் சொல்லலாம்" என்றாள். "நீ சொல்லக்கூடாது."

ஆறு பேர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். முன் மூலையை யுகேந்திரன் வாங்கினார். பாதி வழியில் அவருக்குக் கால் வழுக்கி, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "ஐயோ, புடிங்கடா" என்று பின்னால் கூச்சல். கண்ணாடி விழுந்த இடமும் கிட்டத்தட்ட அதுதான். மங்களம் காலால் துழாவிப் பார்த்தாள். கல்தான் தட்டுப்பட்டது.

பின்னால் தாமானே வந்தது. தார் முடிந்த விளிம்பில் செருப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஏழாம் வீட்டுப் பாப்பாக் கிழவியை அவள் மருமகன் முதுகில் தூக்கிவந்தான். பலருக்கு இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பது புதுமனை புகுவிழாவுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். யாருக்கும் உட்கார இடமில்லை. சுவரோரமாக நின்றார்கள். சுவரில் பென்சில் கோடுகள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் பத்துமலை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தார். யுகேந்திரன் ஒரு கோட்டின் பக்கத்தில் நின்றார். அது அவர் இடுப்புக்கு மேலே இருந்தது.

"இவ்ளோ உயரத்துக்கா வந்துச்சு?"

"அது ரெண்டாவது தடவ" என்றாள் மங்களம். "மூணாவது தடவ வந்தது அலமாரிக்குப் பின்னால இருக்கு."

அவர் அலமாரிக்குப் பின்னால் பார்க்கவில்லை. அதன்மேல் இருந்த பிஸ்கட் டின்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைக் குனிந்து தண்ணீருக்குள் தெரிந்த தன் கால்களைப் பார்த்தார்.

பெட்டியைத் திறந்தார்கள். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய குழி மட்டும் அவருடையது. அதைப் பார்த்ததும் மங்களத்துக்கு அடக்க முடியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "பாவி மனுஷா, பாவி மனுஷா" என்று ஓலமிட்டாள். தினேஸ்வரி வந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். இருவரும் அப்படியே நின்றார்கள்.

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சடங்கு செய்ய வந்தவர் அவசரப்பட்டார். அரிசிப் பானையில் அடிப்பாதி ஊறிப்போயிருந்தது. மேலாகக் காய்ந்திருந்ததை அள்ளினால் ஒரு சின்னக் கிண்ணம்தான் தேறியது.

"வாய்க்கரிசி போடுங்கம்மா. பொஞ்சாதி மொதல்ல போடுங்க."

மங்களம் கிண்ணத்தை வாங்கினாள். கூடத்தைப் பார்த்தாள். வாசல் தாண்டி முற்றம்வரை ஆட்கள் தண்ணீரில் நின்றார்கள். கிண்ணத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சமாத்தான் இருக்கு" என்றாள். "நானே குடுக்குறேன். ஒவ்வொருத்தரா கைய நீட்டுங்க."

"நீங்க போட்டுட்டு அப்புறம் குடுங்கக்கா" என்றார் யுகேந்திரன்.

"கூறு போடுறது நானு. எனக்குக் கடைசியாத்தான்."

யுகேந்திரன் கையை நீட்டினார். அவள் இரண்டு விரலால் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு பாப்பாவுக்கு, அவள் மருமகனுக்கு, இருபத்து மூன்றாம் வீட்டுக்காரிக்கு. ஒருவருக்குக் கூடவோ குறையவோ இல்லாமல் பார்த்துப் பார்த்துக் கிள்ளினாள். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, போட்டுவிட்டு, வந்த வழியே தண்ணீரை விலக்கிக்கொண்டு போனார்கள். கடைசிக்கு முன்னால் தினேஸ்வரி கையை நீட்டினாள்.

கிண்ணத்தின் அடியில் நாலைந்து மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மங்களம் அதை விரலால் வழித்து எடுத்தாள். அவருடைய வாய் ஏற்கெனவே நிறைந்திருந்தது. தன் பங்கை அவர் உதட்டின்மேல் வைத்துவிட்டு, அது உருண்டுவிடாமல் இருக்க விரலை எடுக்காமல் நின்றாள்.