இடது முன்தோள்

ஆரோக்கிய செல்விக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கனவு வந்துவிடும். மே மாதம் பிறந்து, முந்திரிப் பழம் உதிர்ந்து, ஊரே அந்தப் புளித்த வாசனையில் மிதக்கிற நாட்களில் வரும். கனவில் மாதா சப்பரம் தோப்புக்கு மேலே தானாகப் போய்க்கொண்டிருக்கும். தூக்க ஆள் இருக்காது. கீழே செம்மண் பாதையில் செல்வி மட்டும் அண்ணாந்து பார்த்தபடி நடப்பாள். விழித்ததும் இடது தோள் லேசாக வலிக்கும். தூக்காத தோள் எதற்கு வலிக்கிறது என்று அவளுக்குக் கோபம் கோபமாக வரும்.

வரதராஜன்பேட்டைக்குத் தெற்கே, தோப்புகளுக்குள் ஒளிந்து கிடக்கிற சின்ன ஊர். இரண்டு தெரு, ஒரு மாதா கோயில். சப்பரத்துக்கு இரண்டு தண்டு, எட்டுத் தோள். ஒவ்வொரு தோளும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். பட்டா நிலம்கூடக் கைமாறும், தோள் மாறாது. அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். இடது முன்தோள் செல்வியின் அப்பா சவரியாருடையது. முப்பத்தைந்து வருஷம் தூக்கினார். முழங்கால் தேய்ந்து போனதும், மூன்று வருஷமாக அவர் தம்பி மகன் சகாய ஆனந்த் தூக்குகிறான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. திருவிழாவுக்கு முதல் நாள் காரில் வருவான், மறுநாள் தோளில் தைலத்தைத் தடவிக்கொண்டு திரும்பிப் போவான். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. தோள்தான் பாவம், மெத்தையில் வளர்ந்த தோள்.

செல்வியின் தோள் அப்படியில்லை. கட்டிக்கொண்டவன் திருப்பூரில் வேறு குடித்தனம் போட்ட பிறகு, அவள் அப்பன் வீட்டுக்குத் திரும்பி, லைசென்ஸ் எடுத்து, சின்ன லோடு வண்டி ஒன்றை ஓட்டுகிறாள். முந்திரிக்கொட்டை மூட்டையை ஜெயங்கொண்டத்திலும் பலாப்பழத்தை அரியலூரிலும் இறக்குகிறாள். மூட்டையை அவள் முதுகில் வாங்கும்போது, 'பொம்பளைத் தோளாச்சே' என்று ஒருத்தனும் ஓடிவந்து தடுத்ததில்லை.

சவரியாருக்கு மகன் இல்லை, செல்வி ஒரே பிள்ளை. அதனால் நாட்டாமை முடிவாகச் சொல்லிவிட்டார். இந்த வருஷம் சப்பரம் கிளம்பும் முன்னால், சவரியார் தன் துண்டை ஆனந்தின் கழுத்தில் போட்டுவிட வேண்டும். போட்டால் இடது முன்தோள் இனி ஆனந்தின் வாரிசுகளுக்கு.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செல்வி வாயைத் திறந்தாள்.

"அப்பா, நம்ம தோளு நம்ம வூட்டுலயே இருக்கட்டும். நான் தூக்குறேன்."

சவரியார் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பொம்பள தோள்ல மாதா ஏறமாட்டாடி."

"யாரு சொன்னா, மாதாவா?"

"எங்கப்பன் சொன்னாரு. அவரு அப்பன் சொன்னாரு. பேசாம லோடுக்குக் கெளம்பு."

மாதாவே பொம்பளைதானே என்று ஒரு பதில் இருந்தது. அது அவளுக்கு மறுநாள் உடையார்பாளையம் தாண்டும்போதுதான் தோன்றியது. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி மாய்ந்துபோனாள். நல்ல பதிலெல்லாம் ஏன்தான் ஒரு நாள் பிந்தி வருகிறதோ! ஆனால் வலித்தது அதனால் இல்லை. இந்தத் தோள் சம்பாதித்த சோற்றைத்தான் அப்பா தினமும் சாப்பிடுகிறார். அதே தோளை அவர் நம்பவில்லை. அந்த வருத்தம் வாரம் முழுவதும் அவளுடன் வண்டியில் வந்தது.

திருவிழா அன்று வெயில் தணிந்து, தோப்பு முழுவதும் தேன் நிறத்தில் கிடந்தது. பேண்டு வாத்தியம் முழங்கியது. மல்லிகையும் சம்பங்கியும் சுற்றிய சப்பரத்தில் நீலப் போர்வையோடு மாதா சுரூபம் நின்றது. எட்டு ஆண்களும் வெறுங்காலோடு வரிசையில் நின்றார்கள். செல்வி பெண்கள் பக்கம் ஜெபமாலையோடு நின்று பார்த்தாள். சவரியார் நொண்டி நொண்டி வந்து, துண்டை உதறி, ஆனந்தின் கழுத்தில் போட்டார். யாரோ கைதட்டினார்கள். செல்விக்கு அந்தச் சத்தம் எங்கோ தொலைவில், தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல் இருந்தது. போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சப்பரம் எழுந்தது. எழுந்ததும் வழக்கம்போல வலது பக்கம் சாய்ந்தது.

இந்தச் சாய்வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சவரியார் குள்ளம். வலது முன்தோள் குடும்பமும் பரம்பரையாகக் குள்ளம். அந்தக் காலத்தில் உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்த்தார்கள். ஆனந்தோ ஆறடி. அவன் வந்த நாளிலிருந்து சப்பரம் வலப்பக்கம் சரிகிறது. ஊர்க்காரர்கள் ஆனந்தின் உயரத்தை யோசிக்கவே இல்லை. மாதா மேலத்தெருவைக் குனிந்து பார்க்கிறாள் என்று சொல்லிவிட்டார்கள்! மேலத்தெருக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கீழத்தெருவில் ஒரு போர்வெல் வற்றியதற்குக்கூட மாதா முகம் திருப்பியதுதான் காரணம் என்று பேச்சு. பாவம் ஆனந்த், மூன்று வருஷமாக முழங்காலை மடக்கி மடக்கி நடந்து பார்க்கிறான்.

அன்று ஏரிக்கரைச் சரிவில் அந்தக் கால் அவனைக் கைவிட்டது. கெண்டைச்சதை இழுத்துக்கொள்ள, "ஐயோ" என்று ஒற்றைக் காலில் நின்றான். சப்பரம் ஒரு குலுக்குக் குலுங்கியது. மாதாவின் கிரீடம் நழுவிக் காதோரம் தொங்கியது. பெண்கள் அலறினார்கள். பாதி வழியில் சப்பரத்தைத் தரையில் இறக்கக் கூடாது. அது இந்த ஊரில் நடந்ததே இல்லை.

செல்வி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அந்தப் பதிலைப்போல இதுவும் மறுநாள்தான் நடந்திருக்கும். செருப்பை உதறிவிட்டு, ஜெபமாலையை வாயில் கவ்விக்கொண்டு தண்டுக்குக் கீழே புகுந்தாள்.

தண்டில் ஒரு பள்ளம் இருந்தது, அப்பாவின் தோள் வருஷக்கணக்கில் தேய்த்த பள்ளம். அது அவள் தோளில் வந்து சரியாக உட்கார்ந்தது. அப்பனின் உயரம் மகளுக்குத்தான் வந்திருந்தது. சப்பரம் மெதுவாக நிமிர்ந்தது.

"யார்றா அது? இப்பதான்டா தண்டு ஒழுங்கா நிக்குது!" என்று பின்தோள்காரர் கத்தினார். யாரென்று எட்டிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"செல்வி, வெளிய வா!" என்று நாட்டாமை கூப்பிட்டார். அவள் வெளியே வந்தால் சப்பரம் விழும் என்பது அவருக்கும் தெரிந்தது. இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

ஆனந்த் நொண்டியபடி பக்கத்தில் வந்தான். கழுத்துத் துண்டை எடுத்து அவள் கழுத்தில் போட்டான். "அக்கா, விட்றாத. எனக்கு இது முடியலக்கா. மூணு வருஷமா சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அதன்பிறகு செல்விக்கு நேரம் தெரியவில்லை. முந்திரிக் கிளைகள் இரண்டு பக்கமும் மெல்லப் பின்னால் நகர்ந்தன. பெண்களின் 'அருள்நிறை மரியே' ஜெபம் காற்றோடு ஏறி இறங்கியது. கால் தரையில் படுகிறதா என்றுகூட அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. எண்பது கிலோ மூட்டைக்குப் பழகிய உடம்புக்கு இந்தப் பாரம் வேறு மாதிரி இருந்தது. மூட்டை கீழே அழுத்தும், இது முன்னால் இழுத்துக்கொண்டு போனது. ஒரு விஷயம் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தூக்குகிறவருக்கு மாதா தெரியவே மாட்டாள். பூச்சரத்தின் நுனியும் எதிரே நீளும் பாதையும்தான் தெரியும். முப்பத்தைந்து வருஷம் அப்பா மாதாவைப் பார்க்காமலே நடந்திருக்கிறார். அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

கோயில் வாசலில் சப்பரம் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. இறக்கியதும் தூக்கியவர்களின் காலைக் கழுவ வேண்டும். அவரவர் வீட்டுப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து கழுவிவிடுவாள். ஏழு பெண்கள் ஏழு ஆண்களிடம் போனார்கள். செல்வி தனியாக நின்றாள். இவ்வளவு நேரமும் வராத பயம் அப்போது வந்தது. தான் செய்தது திருட்டுத்தனம் என்று எல்லோரும் நினைக்கிறார்களோ என்று பட்டது. ஆனந்தின் மனைவி ஆனி ரோஸ், செம்பும் கையுமாக, சதை பிடித்துக் கல்லில் உட்கார்ந்திருந்த புருஷனையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, செல்வியை நோக்கி ஓரடி எடுத்துவைத்தாள்.

சவரியார் குறுக்கே வந்து அவள் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டார்.

அந்த ஊரில் எந்த ஆம்பிளையும் வாசலில் நின்று யார் காலையும் கழுவியதில்லை. அவர் மகளுக்கு முன்னால் வந்து நின்றார். குனிய முயன்றார், முடியவில்லை.

"காலத் தூக்கி அந்தப் படியில வையி. எனக்குக் குனிய முடியல."

"வேணாம்ப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். வையிடின்னா."

வைத்தாள். தண்ணீர் சில்லென்று விழுந்தது. வழியில் கடந்த தார் ரோட்டின் ஆறாத சூட்டில் அவள் பாதம் முழுக்கக் கொப்புளம். அவர் தன் சொரசொரத்த விரலால் செம்மண்ணைத் தேய்த்து எடுத்தார். கொப்புளத்துப் பக்கம் வரும்போது மட்டும் விரல் தயங்கியது. செல்விக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை.

"இப்புடிக் கொப்புளம் போட்டா எப்புடி?" என்று அவர் முனகினார். "அடுத்த வருஷம் சித்திரை பொறந்ததுமே செருப்பக் கழட்டிடு. ஒரு மாசமாவது வெறுங்காலோட நடந்து பழகணும். இந்தத் தோளுக்காரங்க எல்லாரும் அப்புடித்தான் பண்ணுவோம்."

பிறகு அடுத்த காலை வைக்கச் சொன்னார்.